டீப் பர்ப்பிளும் வியாசர்பாடி மொட்டைமாடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்போம். ஒரு காலத்தில் ஏழு பேர். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே குழுவின் பாட்டு. இதைப் பார்க்கிறவர்கள், அதாவது அக்கா பையன், கீழ்வீட்டுக் குடித்தனக்காரர், டீக்கடைக்காரர், பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் வரைக்கும், கேட்கிற கேள்விகள் சுற்றிச் சுற்றி அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன், திருத்தவில்லை.

டீப் பர்ப்பிள்னா இன்னா மாமா? பெயின்ட் பேரா?

நிறத்தின் பேர்தான், ஆனால் பெயின்ட் இல்லை. 1968-ல் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு என்ற ஊரில் கூடிய ராக் குழு. கிடார் வாசித்த ரிச்சி பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் தலைப்பு அது, அதையே குழுவுக்கு வைத்துவிட்டார்கள். பாட்டி ஆசைப்பட்ட பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை போல.

எத்தினி பேரு அவங்க? யாரு பாடறது?

எப்போதும் ஐந்து பேர். எந்த ஐந்து பேர் என்பதில்தான் சிக்கல். ஆள் மாற மாற ரசிகர்கள் அந்தச் செட்டுக்கு மார்க் 1, மார்க் 2 என்று நம்பர் போட்டுக்கொண்டே வந்தார்கள். நாங்கள் உயிரை விடுவது 1969-ல் அமைந்த மார்க் 2-க்கு: பாட்டு இயன் கில்லன், கிடார் பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிடார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ்.

1973-ல் கில்லனும் குளோவரும் விலக, டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தார்கள். 1975-ல் பிளாக்மோர் போய் டாமி போலின் வந்தார். 1976-ல் கடையையே மூடிவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே போலினும் இறந்துபோனார், வயது 25. பிறகு 1984-ல் மார்க் 2 மறுபடி ஒன்று கூடி, மறுபடி சண்டை போட்டு, மறுபடி பிரிந்து... இது நம் கூட்டுக் குடும்பக் கதை, முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்: 1968-லிருந்து இன்று வரை ஒரு செட்டிலும் விடுபடாத ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ்.

வியாசர்பாடில பொறந்து வளந்துட்டு உங்களுக்கு எப்டிணே இந்த இங்கிலீஷ் பாட்டு?

கேட்கிற தொனியிலேயே கொஞ்சம் குத்தல் இருக்கிறது, இருக்கட்டும். அடையாறு பக்கம் இருக்கிறவர் ராக் கேட்டால் ரசனை, நாங்கள் கேட்டால் அதிசயம். உண்மையில் இந்தச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது ரயில்வேயால். பெரம்பூரில் லோகோ வொர்க்ஸ், கேரேஜ் வொர்க்ஸ் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பட்டறைகள், 1955-ல் ஐ.சி.எஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையும் வந்தது. அங்கே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரம்பூர், அயனாவரம் பக்கம் தெருத்தெருவாக இருந்தன. கிறிஸ்துமஸ் மாதம் வந்தால் அந்தத் தெருக்களில் கிடார் சத்தம் கேட்காத வீடு கிடையாது.

நான் 1981-ல் பதினெட்டு வயதில் ஐ.சி.எஃப்-பில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன், வெல்டிங். எங்கள் ஷாப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியர் இருந்தார், நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஸ்பீக்கர் ஒயர் அறுந்துவிட்டது, வந்து பற்றவைத்துக் கொடு என்று கூப்பிட்டார். பற்றவைத்தேன். சரியாக வருகிறதா பார்ப்போம் என்று ஒரு ரெக்கார்டைப் போட்டார். முதலில் என்னவோ உறுமியது, டிரம் சின்னதாகத் தட்டியது, அப்புறம் யார்டிலிருந்து வெளியே வந்த யூனிட் வண்டி (மின்சார ரயில்) மெயின் லைன் கிடைத்ததும் பிடிக்குமே ஒரு வேகம், அந்த மாதிரி எல்லாம் சேர்ந்து கிளம்பியது. கையில் சால்டரிங் அயர்ன் சூடாக இருப்பதே மறந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

அங்கிள் 1986-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார், பெர்த். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். போகும்போது அந்த ரெக்கார்டை என்னிடம் கொடுத்தார். மேட் இன் ஜப்பான்.

பாட்டு வரி எல்லாம் உங்களுக்குப் புரியுமா?

ஆரம்பத்தில் ஒரு எழுத்தும் புரியாது. எங்களுக்குள் வாத்தியார் என்று கூப்பிடும் ஒரு நண்பர் (நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார்) பின்னால் எழுதிக் காட்டினார். கார் ஓட்டுவது, பெண் பின்னால் அலைவது, இவ்வளவுதான் பல பாட்டு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது, நான் மனசில் வைத்திருந்த அர்த்தம் இதைவிடப் பெரிது. தெலுங்குக் கீர்த்தனையை எத்தனை பேர் சொல் தெரிந்து கேட்கிறார்கள்? அதே கதை.

ஒரே கத்தல்பா, இதுல சங்கீதம் எங்க இருக்குது?

கத்தல் உண்டு, மறுக்கவில்லை. கின்னஸ் புத்தகத்திலேயே உலகத்தில் அதிகச் சத்தம் போட்ட குழு என்று இவர்கள் பேர் ஏறியது. 1972-ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல். கீழ்வீட்டுக்காரர் இதைப் படித்தால் தயவுசெய்து கவனிக்கவும்: நாங்கள் அதில் பாதிகூட வைப்பதில்லை.

ஆனால் ஜான் லார்டைக் கேளுங்கள். அவர் வாசித்தது ஹாமண்ட் ஆர்கன். சர்ச்சில் குழாய் ஆர்கன் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக 1930-களில் வந்த மின்சார ஆர்கன் அது. அதைக் கொண்டுபோய் கிடாருக்கு வைக்கிற மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டார். சாமி பாட்டு வாசிக்கிற கருவி உறும ஆரம்பித்துவிட்டது. டீப் பர்ப்பிள் சத்தம் என்பது பாதி அதுதான். பல பேர் கிடார் என்று நினைத்து ரசிக்கிற இடம் ஆர்கனாக இருக்கும். அவர் முறையாகப் படித்தவரும்கூட. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவையும் இந்த ஐந்து பேரையும் ஒரே மேடையில் ஏற்றி, மூன்று பகுதிகளாகத் தானே எழுதிய கான்செர்ட்டோவை வாசிக்க வைத்தார். தலைமுடி வளர்த்தவர்கள் என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்களாம்.

அந்த டன்-டன்-டன் பாட்டு எனக்கே தெரியும் அங்கிள். அதுக்கு ஏதோ கதை இருக்காமே?

ஸ்மோக் ஆன் த வாட்டர். கிடார் கிளாசில் சேர்ந்த பிள்ளைகள் முதல் வாரமே வாசித்து உயிரை எடுக்கிற பாட்டு. ஸ்வரமாகச் சொன்னால் ச க ம, ச க, அப்புறம் பிரதி மத்தியமத்தைத் தொட்டுவிட்டு உடனே சுத்த மத்தியமத்தில் இறங்குவது, திரும்ப ச க ம க ச. (காந்தாரம் சாதாரண காந்தாரம்.) அவ்வளவுதான் சரக்கு. இரண்டு மத்தியமமும் பக்கத்துப் பக்கத்தில் உரசுகிற அந்த ஓர் இடத்தில்தான் காரம். பிளாக்மோர் அதைப் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டுகிற சின்னத் தகடு) போட்டு அடிக்காமல், இரண்டு தந்தியை விரலால் ஒன்றாகக் கிள்ளி வாசிப்பார். கிளாஸ் பிள்ளைகள் அடித்து வாசிப்பார்கள், அதனால்தான் அந்த ருசி வராது.

கதை நிஜக் கதை. 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்ய ஸ்விட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த காசினோவில் பதிவு செய்வதாக ஏற்பாடு. டிசம்பர் 4 அன்று அதே காசினோவில் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் எவனோ ஒருவன் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கட்டடம் முழுக்க எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. புகை அப்படியே ஜெனீவா ஏரி மேல் படர்ந்ததை இவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில நாள் கழித்து குளோவர் தூக்கத்திலிருந்து எழுந்தபோது வாயில் இந்தத் தலைப்பு இருந்ததாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. வேறொரு தியேட்டரில் போய் வாசித்தார்கள், அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு பெரிய ஹோட்டலின் நடைவழியில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மெத்தைகளைச் சுவரில் சாத்திவைத்துப் பதிவு செய்தார்கள். 1972-ல் வந்த மெஷின் ஹெட் ஆல்பம் அதுதான். மெத்தை சாத்துகிற வித்தையை நாங்களும் மொட்டைமாடி அறையில் செய்து பார்த்தோம். மூட்டைப்பூச்சி வந்தது.

டிசம்பர் 4-க்கு நீங்க திதி குடுக்கிற மாதிரி கூடுறீங்களாமே?

திதி எல்லாம் இல்லை. சாயங்காலம் கூடி அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை போடுவோம், பீச் ஸ்டேஷன் எதிரிலிருந்து யாராவது அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வருவார்கள், சாப்பிட்டுக் கலைவோம்.

2023 டிசம்பர் 4 அன்று கூடவில்லை. மிக்ஜாம் புயல். முந்தின நாள் ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது, விடிகிறபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், கீழ்வீட்டில் கட்டில் மட்டம். அப்போது என் சாமான் எல்லாம் கீழேதான் இருந்தது. ஏரி மேல் புகை என்று அவர்கள் பாடிய அதே தேதியில் எனக்கு வீட்டுக்குள்ளேயே ஏரி. முதல் இரண்டு மணி நேரம் கேஸ் சிலிண்டரையும் பேத்தியின் ஸ்கூல் பையையும்தான் மேலே ஏற்றினோம், பாட்டு ஞாபகத்துக்கே வரவில்லை. வந்தபோது கேசட் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடிய நாள் கணக்கானது. நூற்றுச் சொச்சம் கேசட், சேறும் டீசலும் ஏறி ஒன்றும் தேறவில்லை.

ரெக்கார்டு மட்டும் தப்பியது. அட்டை கூழாகிவிட்டது, ஆனால் பிளாஸ்டிக் தட்டுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வரிப்போக்கிலேயே துடைத்து, நிழலில் காயவைத்துப் போட்டேன். பாடியது. கொஞ்சம் கூடுதலாகப் பொரிகிறது, அவ்வளவுதான்.

எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கிறது? நிறைய இருக்குதே.

மேட் இன் ஜப்பான். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 டோக்கியோவில், மூன்று கச்சேரியிலிருந்து எடுத்தது. (நாம் சுதந்திரத்தின் வெள்ளிவிழாவுக்கு மிட்டாய் சாப்பிட்ட அன்று அவர்கள் ஒசாகாவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஒரு காரணமும் இல்லாத பெருமை.) ஸ்டுடியோவில் ஆறு நிமிடம் இருக்கும் பாட்டு மேடையில் பத்து நிமிடம் ஆகும், இருபதும் ஆகும். அது பிடித்தால் இன் ராக், மெஷின் ஹெட். பிடிக்கவில்லையா, விட்டுவிடு கண்ணா, கட்டாயம் இல்லை.

கானா பொறந்த ஊர்ல இருந்துக்கினு அத்த வுட்டுட்டு இத்த கேக்கறியே, நாயமா?

யார் விட்டது? எங்கள் செட்டில் மெக்கானிக் என்று ஒருவன் இருந்தான், டோலக் எடுத்தால் கீழே வைக்கமாட்டான், சாவு வீட்டில் ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு காலையில் நேராக எங்கள் மாடிக்கு வருவான். அவன்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னான்: மேட் இன் ஜப்பானில் ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன் பாட்டில் பிளாக்மோர் கிடாரில் ஒரு வரி விடுவார், கில்லன் அதையே தொண்டையில் திருப்பிக் கொடுப்பார், இவர் கொஞ்சம் ஏற்றுவார், அவர் அதுக்கு மேல் ஏற்றுவார். டேய், இது எதிர்ப்பாட்டுடா, என்று மெக்கானிக் துள்ளிக் குதித்தான். கானாவில் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறதைப் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கேட்காதவர்கள்.

எல்லாம் திருட்டு கேசட்டுதானே நீங்க கேட்டது?

ஆமாம். ஒப்புக்கொள்கிறேன். பர்மா பஜாரில் வாங்கியது பாதி, ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் கொடுத்துப் பதிந்தது பாதி. அங்கிளிடம் இரவல் கேட்கக் கூச்சம், அதனால் 1982-ல் நாங்கள் பணம் போட்டு மேட் இன் ஜப்பானைப் பதியக் கொடுத்தோம். 90 நிமிடக் கேசட்டுக்குக் காசு பற்றவில்லை, 60 வாங்கினோம். ஆல்பம் மொத்தம் 76 நிமிடம்! ஒரு பக்கத்துக்கு 30. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பதிந்து கொடுத்துவிட்டார். தி மியூல் என்று ஒன்று வரும், பெரும்பகுதி இயன் பெய்ஸின் தனி ஆவர்த்தனம். மூணு நிமிடம் போய், சூடு பிடிக்கும் நேரத்தில், டக். கேசட்டில் அந்தப் பக்கம் முடிந்தது.

அங்கிள் ரெக்கார்டைக் கொடுத்த பிறகும் அதைப் போட்டுக் கேட்க என்னிடம் பிளேயர் கிடையாது. 1993-ல்தான் மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய பிளேயர் படிந்தது. ஏழு பேரும் கூடினோம். அந்த டக் வர வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் உடம்பு தானாக ஒரு குலுங்கு குலுங்கியது. டக் வரவில்லை. பெய்ஸ் வாசித்துக்கொண்டே போனார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆல்பம் ஒரிஜினல் சிடி வாங்கினேன், கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அந்த சைல்ட் இன் டைம் பாட்டையே அவங்க சுட்டதுதானாமே?

இது விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. ஆமாம், அதன் ஆரம்ப ஆர்கன் சொற்றொடர் இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் பாம்பே காலிங்கிலிருந்து வந்தது. மூலம் வேகமானது. இவர்கள் அதை மெதுவாக்கி விளையாடிக்கொண்டிருந்தபோது பாட்டு பிறந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழுவும் பதிலுக்கு இவர்களுடைய ஒரு பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. கைமாத்துக்குக் கைமாத்து சரியாகிவிட்டது. ஆனால் கில்லன் அதில் படிப்படியாக ஏறிக் கடைசியில் அலறும் அந்த இடம் யாரிடமும் வாங்கியது இல்லை. வயதாகிவிட்டது, 2000-களின் தொடக்கத்துக்குப் பிறகு மேடையில் அதை அவர் பாடுவதில்லை. முடியாததைப் பாடிக் கெடுக்காமல் நிறுத்தினாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

ஆளெல்லாம் மாறிட்டா அப்புறம் அது அதே குழுவா சார்?

இரண்டாவது கேள்வியில் நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். பிளாக்மோர் 1993-ல் கச்சேரிப் பயணத்தின் நடுவிலேயே போய்விட்டார், ஸ்டீவ் மோர்ஸ் 1994-லிருந்து 2022 வரை வாசித்தார், இப்போது சைமன் மெக்பிரைட். லார்ட் 2002-ல் ஓய்வு பெற, டான் ஏரி வந்தார். 2024-ல்கூட புது ஆல்பம் போட்டார்கள்.

நான் ரயில் பெட்டிக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு கோச் பி.ஓ.எச்-சுக்கு (குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்துச் சரிபார்ப்பது) கேரேஜ் வொர்க்ஸ் வந்தால் சக்கரம் மாறும், ஸ்பிரிங் மாறும், சீட், ஃபேன், பலகை எல்லாம் மாறும். வெளியே போகும்போது அதே நம்பர், அதே கோச். அண்டர்ஃபிரேம், அதாவது பெட்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அது பெய்ஸ். எங்களில் கிரேன் அண்ணன் (துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்) இதை ஒத்துக்கொள்ளமாட்டார். பிளாக்மோர் இல்லாத செட்டுக்குக் காது கொடுக்கவே மாட்டார், மோர்ஸ் பாட்டு போட்டால் எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவார். முப்பது வருஷமாகத் தொட்டியைப் பார்க்கிறார்.

இது ரசனையா, பைத்தியமா?

எங்களைச் சொல்கிறீர்களா? மேலே சொன்ன அந்த 1969 கான்செர்ட்டோ இருக்கிறதே, அதன் இசைக் குறிப்பு 1970-லேயே தொலைந்துபோனது. நெதர்லாந்தில் மார்கோ டி கூயி என்ற இளம் இசையமைப்பாளர், ரசிகர், பழைய பதிவையும் வீடியோவையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பை மறுபடி எழுதிக்கொண்டு போய் லார்டிடம் கொடுத்தார். அதை வைத்து 1999-ல் அதே ஆல்பர்ட் ஹாலில் மறுபடி வாசித்தார்கள். அது பைத்தியம். நாங்கள் சும்மா உட்கார்ந்து கேட்கிறவர்கள்.

வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?

சொல்வார்கள். மிக்ஸிக்கு இது தேவலை என்பது என் மனைவியின் தீர்ப்பு. ஆனால் ஆர்கன் தனியாக வரும் இடத்தில் அடுப்பை சிம்மில் வைப்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கேட்டால் குழம்பு அடி பிடித்துவிடும் என்கிறார்.

அந்த ஆர்கன்காரர் செத்ததுக்கு நீங்க சர்ச்சுக்குப் போனது நெசமா?

நிஜம். ஜான் லார்ட் 2012 ஜூலை 16 அன்று லண்டனில் இறந்தார், வயது 71. எங்களுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கேசட் போடலாம் என்றால் மனசு வரவில்லை. சாயங்காலம் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போனோம், ஆறு பேர், ஒருவரும் கிறிஸ்தவர் இல்லை. மெழுகுவர்த்தி வாங்கும்போது அங்கிருந்த பெரியவர் யாருக்கு என்று கேட்டார். ஆர்கன் வாசிக்கிறவருக்கு என்றான் மெக்கானிக். அடடா, எந்த சர்ச்சில் வாசித்தார் என்று கேட்டார் அவர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெளியூர், ஐயா, என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் 2019-ல் போனான். அவனுக்கும் அங்கேயேதான் ஏற்றினோம்.

நானும் ஒரு நாள் வரலாமா?

வாங்க. ஞாயிறு ஐந்து மணி, மழை இருந்தால் கிடையாது. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். மோட்டார் போடுகிற நேரத்தில் கரண்ட் இறங்கும், பாட்டு இழுக்கும், அதற்குச் சிரிக்கக் கூடாது. கிரேன் அண்ணனிடம் மோர்ஸைப் பற்றிப் பேச வேண்டாம். மற்ற பாட்டுக்கு நடுவில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், தி மியூல் ஓடும்போது மட்டும் முடியாது. அந்த ஒன்பதரை நிமிடத்தை முழுசாகக் கேட்க நாங்கள் பதினொரு வருஷம் காத்திருந்தோம், பேசியே ஆக வேண்டும் என்றால் கீழே டீக்கடை இருக்கிறது.